கால்மாட்டுப் பலகை

கொட்டாஞ்சேனை
10.06.2024

அன்புள்ள தங்கச்சி கொன்ஸ்ரன்சுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். வழமையாக இந்த இடத்தில் உன் சுகத்தை விசாரிக்க வேண்டும். அந்த வரியை எழுதினேன், வெட்டினேன், மறுபடியும் எழுதினேன், மறுபடியும் வெட்டினேன். போன கிழமை தொலைபேசியில் "சுகமா?" என்று கேட்டதற்கே நீ பதில் சொல்ல மூச்செடுத்துக்கொண்டிருந்தாய். டில்ஷானி போனை வாங்கி, "மாமா, குறை நினைக்காதேங்கோ. அம்மா கதைச்சா பிறகு ரெண்டு நாள் படுக்கை" என்றாள்.

ஆகவே இனிக் கடிதம். கடிதம் பதிலுக்குக் காத்துக்கொண்டு காதருகில் நிற்காது. ஒரு வரி வாசித்துவிட்டு மடித்து வைக்கலாம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் தபால் போடும் அண்ணனும் தங்கையும் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒரு விஷயம். உன்னைப் பார்க்கும் டொக்டர் துஷாந்தினி என்னைக் கூப்பிட்டிருந்தார். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தில் நான் வினாப் படிவங்களைத் தமிழாக்கும் வேலையில் இருந்தவன் என்று டில்ஷானி சொல்லிவிட்டாளாம். உன்னுடையதைப் போன்ற தீராக் களைப்பு நோயோடு வாழப் பழகுகிறவர்கள் நான்கு கட்டங்களைக் கடக்கிறார்களாம். முதலில் எல்லாம் இடிந்து விழுகிறது. பிறகு கொஞ்சம் பிடி கிடைக்கிறது. பிறகு 'இனி நான் யார்' என்ற துக்கம். கடைசியில், நோயையும் உள்ளே சேர்த்துக்கொண்ட ஒரு புதிய வாழ்க்கை. யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று அறிவதற்கு ஒரு தொகுதி வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் தரவேண்டும்.

எந்த வாக்கியம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று கேட்டேன். "சொல்லமாட்டன் அங்கிள். தெரிஞ்சா நீங்க வசனத்தை ஒரு பக்கம் சாய்ச்சுப்போடுவீங்க" என்று சிரித்தார். என்னை நன்றாகத்தான் அறிந்து வைத்திருக்கிறார்.

தமிழ் விளங்குகிறதா என்று முதலில் ஒருவரிடம் காட்ட வேண்டும். உனக்கு அனுப்பலாமா? முடியாவிட்டால் பதில் எழுதாமல் விடு. அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்,
அண்ணா பேர்னாட்

*

வெள்ளவத்தை
02.07.2024

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் ஒரு நாளில் எழுதியதல்ல. பென்சில் எழுத்து மங்கித் திரும்பவும் கறுக்கும் இடங்களில் நாள் மாறியது என்று வாசியுங்கள்.

வாக்கியங்களை அனுப்புங்கள். ஆனால் சுகமா என்று மட்டும் கேட்கவேண்டாம். ஓம் என்றால் பொய். இல்லை என்றால் உங்களுக்கு நித்திரை வராது. இன்றைக்கு என்ன கேட்டது என்று கேளுங்கள். அதற்கு என்னிடம் எப்போதும் பதில் உண்டு.

இன்றைக்குக் கடல் பெரிய சத்தம். காற்று மாறும்வரை இப்படித்தான் இருக்கும். அம்மாவின் தேக்கங்கட்டிலை நான்தான் கேட்டு எடுத்தேன், நினைவிருக்கிறதா? அதன் கால்மாட்டுப் பலகையில் பாதங்களை வைத்தால் ரயில் வருவது காதுக்கு முன் காலுக்குத் தெரியும். நிற்கும் ரயிலா, நிற்காமல் போகும் ரயிலா என்றும் தெரியும். தலை தூக்க முடியாத நாட்களில் நான் பாதத்தால் வெளியே போய் வருகிறேன்.

சந்தோஷச் செய்தி. டில்ஷானிக்கும் அவளுடைய பாமன்கடைப் பொடியன் கிளின்ரனுக்கும் ஜனவரி பதினோராம் திகதி கொட்டாஞ்சேனைக் கோயிலில் கல்யாணம். தகப்பன் கிறிஸ்ரி இல்லாத இடத்தில், பிள்ளையின் கையைப் பிடித்து நடுவழியால் பீடம்வரை கூட்டிக்கொண்டு போக நீங்கள் வேண்டும். இது முதல் விஷயம்.

இரண்டாவது என்னுடையது. எனக்குக் கோயிலுக்குப் போகும் ஆசை இல்லை. பிள்ளை வீட்டைவிட்டு இறங்கும்போது தாய் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவாளே, அதை நான் எழுந்து நின்று செய்யவேண்டும். என் சொந்தக் காலில். அவ்வளவுதான். அதற்காக இப்போதிருந்தே பலத்தைச் சேமிக்கிறேன். தலை வாருவதை விட்டேன். மேசையில் சாப்பிடுவதை விட்டேன். மழைத் தண்ணீருக்குப் பானை வைத்தது போல, சொட்டுச் சொட்டாகச் சேருகிறது.

உங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று செபிக்கும்,
கொன்ஸ்ரன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
23.07.2024

அன்புள்ள தங்கச்சி,

இன்றைக்கு என்ன கேட்டது? (எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருக்கிறது. பழகிவிடும்.)

வாக்கியங்களை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முற்றிலும் இல்லை' என்பதிலிருந்து 'முற்றிலும் ஓம்' வரை கட்டங்கள் உண்டு. ஒன்றில் அடையாளமிடு. ஒரு நாளைக்கு ஒன்று போதும், அதுவும் முடிந்தால்.

'களைப்பு' என்ற சொல்லில் எனக்குத் திருப்தி இல்லை. பேலியகொடைக்கு மீன் வாங்கப் போய் வந்தவனும் களைப்பு என்கிறான். நான் சந்திக் கடைக்குப் போய் வந்தாலும் களைப்பு என்கிறேன். உன்னுடையதற்கும் அதே சொல்லா? அகராதிகளை எல்லாம் பார்த்துவிட்டேன். என் தமிழ் போதாதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கல்யாணச் செய்தியில் மிக்க மகிழ்ச்சி. கிளின்ரனை ஒரு முறை கண்டிருக்கிறேன், உரத்துச் சிரிக்கும் நல்ல பிள்ளை. கோயில் நடுவழியைப் பற்றி எழுதியிருந்தாய். ஜனவரிக்கு இன்னும் காலம் இருக்கிறது. இங்கே மழை.

அன்புடன்,
அண்ணா

*

வெள்ளவத்தை
31.08.2024

அன்புள்ள அண்ணா,

இன்றைக்குக் கேட்டது: மேல்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள். துருவலை நிறுத்தி நிறுத்தித் துருவுகிறார்கள். யாரோடோ கோபம்.

'களைப்பு' என்றே வையுங்கள். நித்திரை கொண்டால் போவது உங்களுடைய களைப்பு. என்னுடையது எனக்கு முன்னமே எழும்பி உட்கார்ந்திருக்கும். ஆனாலும் வேறு சொல் தேடவேண்டாம். புதுச் சொல் வைத்தால் எங்களை வேறு சாதி மனிதர் என்று நினைப்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே நாங்கள் இடம் பிடித்துக்கொள்கிறோம்.

போன கிழமை பக்கத்து வீட்டு மிசிஸ் ரெனால்ட் வந்தார். வாசலில் நின்றே, "கொன்ஸ்ரன்ஸ், நீர் கொஞ்சம் வெளிய நடந்தா எல்லாம் சரியாகிடும்" என்றார். டில்ஷானி விடுவாளா? "அப்ப அன்ரி, அம்மாட ரெண்டு காலையும் கழட்டித் தாறன். மரீன் டிரைவில ஒருக்கா நடத்திப்போட்டுக் கொண்டு வாங்கோ. இருட்ட முதல் தரவேணும்" என்றாள். சிரிக்கக்கூடாது, சிரிப்பும் செலவு. ஆனாலும் சிரித்துவிட்டேன். அடுத்த நாள் எழும்பவில்லை. பரவாயில்லை, அது பெறுமதியான சிரிப்பு.

வாக்கியங்கள் முடிந்தன. தமிழ் நன்றாக விளங்குகிறது. ஐந்தாவதில் 'சகித்துக்கொள்கிறேன்' வேண்டாம், 'சமாளிக்கிறேன்' என்று போடுங்கள். சகிப்பது புனிதர்களுடைய வேலை. பதினான்காவதில் ஒன்றும் மாற்ற வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

நடுவழி விஷயத்துக்குப் பதில் இல்லையே?

அன்புடன்,
கொன்ஸ்ரன்ஸ்

*

கொட்டாஞ்சேனை
08.10.2024

அன்புள்ள தங்கச்சி,

இன்றைக்கு என்ன கேட்டது? இங்கே கோயில் மணியும் மழையும்.

நான் எழுதத் தாமதித்துவிட்டேன். உன் அடையாளங்கள் கிடைத்தன. டொக்டரிடம் கொடுக்க முன்னர், எந்த வாக்கியம் எந்தக் கட்டத்தில் சேரும் என்று நானே பிரித்துப் பார்த்தேன். பழைய உத்தியோகப் பழக்கம். பதினான்காவது, 'பழைய நான் திரும்பி வருவேன் என்று இப்போது நான் காத்திருப்பதில்லை.' அதற்கு நீ 'முற்றிலும் ஓம்' என்று அழுத்திப் போட்டிருக்கிறாய். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை.

ஒக்ரோபர் செபமாலை மாதம் அல்லவா, எங்கள் பங்கின் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிறது. செபக்குழுத் தலைவர் றேமண்டைப் பிடித்து, உன் வீட்டுக்கும் வரவேண்டும் என்றேன். "மிஸ்டர் பேர்னாட், வெள்ளவத்தை எங்கட பங்கே இல்லையே!" என்றார். ஒருவரோடும் வாதாடாத நான் வாதாடினேன். பாடகர் குழுவில் இருபது வருடம் இரண்டாம் குரல் பாடியவளை நீங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். கடைசியில், "சரி சரி, அழுதிடாதேங்கோ. வாடகைக்கு ஒரு வான் பிடிப்பம்" என்றார்.

பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம். நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை. நம்பிக்கையை மட்டும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணா

*

கொட்டாஞ்சேனை
21.10.2024

என் அருமைத் தங்கச்சி,

கண்ணால் கண்டபிறகு சுகம் விசாரிப்பானேன்! நீ நீலச் சேலை உடுத்திக்கொண்டு வாசலுக்கே வந்து மாதாவை வரவேற்றாயே! செபமாலை முடியும்வரை நேராக உட்கார்ந்திருந்தாய். பாட்டின் இரண்டாவது அடியில் உன் குரல் கீழே இறங்கிச் சேர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டில்ஷானி தடுத்தும் கேட்காமல் பிளேன்டீத் தட்டை நீயே கொண்டுவந்தாய். திரும்பும்போது வானில் றேமண்ட், "யார் சொன்னது மனுசிக்கு வருத்தம் எண்டு? என்னைவிட நல்லா நிக்கிறா! நீங்கதான் மிஸ்டர் பேர்னாட் நோயாளி மாதிரி மூலையில நிண்டனீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பார்த்தாயா? பழைய நீ எங்கும் போய்விடவில்லை. ஜனவரியில் நீ கோயிலுக்கே வரலாம் என்று நினைக்கிறேன். நடுவழி விஷயத்தை அப்போது நேரில் பேசுவோம்.

உடனே எழுது.

அன்புடன்,
அண்ணா

*

வெள்ளவத்தை
24.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

டில்ஷானி எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய கடிதத்தை இன்னும் உடைக்கவில்லை. அம்மாவால் வாசிக்க முடியாது. நான் வாசித்துக் காட்டினாலும் சத்தம் தாங்காது.

அன்றைக்கு நீங்கள் எல்லோரும் படியால் இறங்கி, வான் புறப்படும் சத்தம் கேட்கும்வரை அம்மா சிரித்துக்கொண்டு நின்றா. பிறகு சுவரைப் பிடித்தா. அதற்குப் பிறகு கட்டிலை விட்டு எழும்பவில்லை. யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கிறேன். கரண்டியால்தான் சாப்பாடு.

"ஏனம்மா வரவேண்டாமெண்டு மாமாவுக்குச் சொல்லேல்ல?" என்று காலையில் கேட்டேன். பின்னேரம்தான் பதில் வந்தது. "வாசலுக்கு வந்த மாதாவைத் திருப்பி அனுப்புறதா?"

ஜூலையிலிருந்து அம்மா எதற்காகச் சேமித்தா என்று உங்களுக்குத் தெரியும். அது அந்த ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. கல்யாணத்தைப் பிற்போடுவோம் என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினா. தலையாட்டியதற்கும் இரண்டு நாள் போனது.

இப்போது இங்கே வரவேண்டாம். உங்களில் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன். என்னைப் பற்றி ஒன்றும் எழுதச் சொல்லவில்லை.

டில்ஷானி

*

கொட்டாஞ்சேனை
09.12.2024

அன்புள்ள தங்கச்சி,

இன்றைக்கு என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை நீ வாசிக்கவும் வேண்டாம். தலையணைக்குக் கீழே கிடக்கட்டும். வாசிக்கக்கூடிய நாள் வரும்வரை அது காத்திருக்கும்.

டொக்டரிடம் போனேன். நான் வாக்கியங்களைப் பிரித்து வைத்திருந்த தாளைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பதினாலாவதை ஏன் முதலாம் கட்டத்தில போட்டனீங்க?" என்று கேட்டார்.

"நம்பிக்கை விட்டுப்போனவதானே டொக்டர் அப்படிச் சொல்லுவா?"

அவர் பேனையை மூடி வைத்தார். "இல்லை அங்கிள். அது நாலாம் கட்டம். கடைசி. அங்க போய்ச் சேர முதல் சில பேருக்கு ஆயுளே முடிஞ்சிடும்."

வெளியே மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்த் திரும்பிப் போனார்கள். தங்கச்சி, உன்னைக் கிணற்றில் விழுந்தவள் என்று நினைத்தேன். பதறிப்போய்க் கயிறு வீசினேன். நீ மலையுச்சியில் நின்றிருக்கிறாய். என் கயிறு உன் காலில் சுற்றியது. ஆயுள் முழுவதும் மனிதர்களைக் கட்டங்களில் போட்டவன் நான். மிக உயரமான கட்டத்தையும் மிக ஆழமானதையும் பிரித்தறிய எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அதைவிடப் பெரிதாக என்னைப் பிடித்திருப்பது வியப்பு. அவ்வளவு தூரம் நீ எப்போது போனாய்? ஒரு சத்தமும் எங்களுக்குக் கேட்கவில்லையே. படுத்தபடியே போயிருக்கிறாய்.

விழுந்தவர்கள் மறுபடியும் அங்கே போவதுண்டா என்று டொக்டரிடம் கேட்டேன். "இது மாடிப்படி இல்லை அங்கிள். கடல் மாதிரி. போகும், வரும்" என்றார்.

இனி நான் சொல்லாமல் விட்ட பதில். எல்லோரும் எழுந்து நின்று திரும்பிப் பார்க்க, நடுவழியால் நடப்பது எனக்குப் பயம். நற்கருணை எடுக்கக்கூட நான் சுவரோரமாகப் போகிறவன் என்று நீயும் அறிவாய். பயம் இப்போதும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் டில்ஷானியை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுக்குச் சம்மதமென்றால்.

உன் அண்ணா

*

கொட்டாஞ்சேனை
15.01.2025

அன்புள்ள தங்கச்சி,

கோயிலில் நடந்ததை நீ அறியவேண்டும். ஆனால் அதற்கு முன் உன் அறையில் நடந்ததை எழுதாமல் என்னால் கோயிலுக்குப் போகமுடியவில்லை.

நான் கதவருகில் நின்றேன், இருட்டாக இருந்தது. மணப்பெண் உடையில் டில்ஷானி உன் கட்டிலருகே முழந்தாளிட்டாள். அப்போதும் அவள் நெற்றி உன் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. குனிந்து, தலையை உன் தலையணையில் வைத்தாள். அலங்காரம் செய்த சிங்களப் பெண் என் பக்கத்தில் நின்றவள், "அனே நங்கி, கொண்டே!" என்று, கொண்டை கலையப்போகிறதே எனப் பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். முக்காடு உன் முகத்தையும் சேர்த்து மூடியது.

உன் கை எழும்பியது. பெருவிரல் அவள் நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தது. பிறகு கை போர்வையில் விழுந்தது. முடிந்துவிட்டது, பாதிச் சிலுவைதான் என்று நினைத்தேன். டில்ஷானி அசையவில்லை. கீழே கிளின்ரன் வீட்டுக் கார் ஹோன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. ஒரு ரயில் வந்து நின்று போனது. உன் கை மறுபடியும் எழும்பி, இடமிருந்து வலமாக இரண்டாவது கோட்டைப் போட்டது.

தங்கச்சி, எத்தனையோ பூசை கண்டவன் நான். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த அமைதியைப் போல ஒன்றை எங்கும் கண்டதில்லை. அலங்காரக்காரிகூடத் தன்னை அறியாமல் கைகூப்பி நின்றாள்.

கோயிலில் கதவு திறந்ததும் முழுக் கூட்டமும் திரும்பியது. நான் அவசரமாக அடியெடுத்து வைத்தேன். "மாமா, மெதுவா" என்றாள் டில்ஷானி. ஒக்ரோபருக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. மெதுவாக நடந்தோம். பாதி வழியில் என்னை அறியாமல் நின்றுவிட்டேன். ஓர்கன் வாசித்தவர் பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். "மனுசனுக்குக் கால் ஏலாது போல" என்று ஒரு வாங்கில் யாரோ சொன்னது கேட்டது. கால் சரியாகத்தான் இருந்தது. நீ நடுவில் ஓய்ந்தது போல நானும் ஓய்ந்தேன். டில்ஷானி திரும்பி என்னைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள். அதன்பிறகு யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆனால் நீ எழுந்து நிற்கவில்லை. நீ கேட்டது அது ஒன்றுதான். அதை உன்னிடமிருந்து நான்தான் எடுத்துவிட்டேன். எத்தனை வியப்போடு எழுதினாலும், எழுதி முடிக்கும்போது அது அங்கேயே இருக்கிறது.

உன் அண்ணா

*

வெள்ளவத்தை
20.02.2025

அன்புள்ள அண்ணா,

எழுத்துக் கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள். தலையணைக்குக் கீழே இருந்ததை முதலில் வாசித்தேன். பிறகு மற்றவற்றை.

இன்றைக்குக் கேட்டது: ஒன்றுமில்லை. கடல் அடங்கிவிட்டது. வருடத்தில் சில நாள் இப்படி வரும். ரயிலும் இல்லாத நேரத்தில், கரையில் யாரோ ஒருவர் நாயைக் கூப்பிடுவதுகூட இங்கே கேட்கிறது.

பிள்ளை கிளின்ரனோடு வந்து போனாள். உங்களைப் பற்றிக் கதைத்தாள். நல்லதாகத்தான்.

ஒரு திருத்தம். நான் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கதவருகில் நின்றபடியால் உங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளை தலையைத் தலையணையில் வைத்தவுடனேயே நான் சரிந்து இறங்கி, போர்வைக்குள் இரண்டு பாதங்களையும் கால்மாட்டுப் பலகையில் முழுதாக ஊன்றிவிட்டேன். முழங்கால் மடங்கவில்லை. முதல் கோட்டைப் போட்டபின் கைதான் விழுந்தது. கால் விழவில்லை. ரயில் வந்தபோது பலகை அதிர்ந்தது. அப்போதும் எடுக்கவில்லை. சிலுவை முடிந்து, அவள் எழும்பி, நீங்கள் இரண்டு பேரும் படியால் இறங்கும் சத்தம் ஓயும்வரை அப்படியேதான் இருந்தேன்.

அண்ணா, நான் நின்றேன்.

கொன்ஸ்ரன்ஸ்